பெயருக்கு உரியவர் யார்?

விளைபொருளின் பெயரும் உழவனின் புலமைச் சொத்தே என்பதை உணர்ந்து செயலாற்றிய ஆபிரிக்க நாடு எதியோப்பியா.

சிடாமோ, ஹரார், யிர்காச்செஃபே என்பன அங்கே உயர்ரகக் கோப்பி விளையும் இடங்கள். அப்பெயர்களை வியாபாரக் குறிகளாகப் பதியுமாறு 2005ஆம் ஆண்டில் அந்நாட்டரசு ஐக்கிய அமெரிக்காவில் விண்ணப்பித்தது. அமெரிக்கக் கோப்பி வணிகர் சங்கம் எதிர்த்து நின்றது. சிடாமோவும் ஹராரும் பொதுப் பெயர்களாம்! அவ்வூர்ப் பெயர்களைப் பொறித்து அதிக விலைக்கு விற்றபோது அவை பொதுப் பெயர்கள் என்பது வணிகருக்கு நினைவில்லை போலும்.

உரிமை கோராது புவிசார் சான்று பெறலாமே என்றது ஸ்டார்பக்ஸ் நிறுவனம். இலட்சக்கணக்கான சிறு தோட்டங்களைச் சோதித்துச் சான்று வழங்க வறிய அரசுக்கு இயலுமா? எதியோப்பியா இணங்கவில்லை. ஈற்றில், 2007இல், ஸ்டார்பக்ஸே உடன்படிக்கையிற் கையொப்பமிட்டது.

பெயரைப் பயன்படுத்துவோரிடம் எதியோப்பியா கட்டணம் கேட்கவில்லை. இதனை ஏமாளித்தனம் என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதோம். பெயர் பரவினாலன்றோ விலை பேசும் வலிமை பிறக்கும்? ஆயினும், அடிஸ் அபாபாவிலுள்ள பத்திரம் குடியானவன் கையில் ஒரு சதத்தையேனும் தானாகக் கொணர்ந்து வைக்காது. யிர்காச்செஃபே உழவரின் கூட்டுறவு ஒன்றியத்துக்கு, இவ்வுரிமை பற்றிய பேச்சுகள் அனைத்திலும் ஆசனம் அளிக்கப்படவேண்டும்.