ஆட்சிக்கொரு நிலப்படம்

கொழும்பில் ஆட்சி மாறுந்தோறும் புத்தளக் கரையின் தலைவிதியும் மாற்றி எழுதப்படுகிறது. 1980களில் அந்நியச் செலாவணியின் பெயரால் கண்டற்காடுகள் இறாற்பண்ணைகளாயின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதும் பண்ணைகள் பல பாழாயின. மக்கள் எதிர்ப்பினால் ஒத்திவைக்கப்பட்டிருந்த நுரைச்சோலை அனல்மின் நிலையம், 2005இல் ஆட்சித் தலைமை மாறியபின், 2006இல் தொடங்கப்பட்டது. 2017இல் நிலைபேறான அபிவிருத்திச் சட்டத்தை நிறைவேற்றிய அரசே, ஆர்ப்பாட்டங்களைப் பொருட்படுத்தாது, 2019இல் கொழும்பின் குப்பையை அருவக்காட்டுக்கு அனுப்பிற்று.

இவற்றை முன்னேற்றம் என்போர் விடைகூறட்டும்: களப்பை நம்பி வாழும் மீனவரின் இசைவை எவர் பெற்றனர்? கட்சிகள் மாறினும், இக்கரையை ஆளற்ற வெளியாகக் கருதும் நோக்கு மாறவில்லை. அமைச்சரவையின் ஆயுளோடு முடியும் நிலப்பயன்பாட்டுத் திட்டம் திட்டமன்று, வெறும் ஆணையே. பிரதேச மக்களின் இசைவின்றி எவ்வரசும் மாற்றவியலாத சட்டவலு அதற்கு வேண்டும்.