பண்டிகையும் துக்கமும்

கிறிஸ்துமஸ் வந்தால் துக்கத்தை மறந்துவிட வேண்டும் என்கின்றனர் நண்பர் சிலர். நான் இதை ஏற்பதற்கில்லை. திருச்சபையின் நாட்காட்டியே அப்படிச் சொல்லவில்லையே! டிசம்பர் 25 இயேசு பிறப்பு. மறுநாளே கல்லெறியுண்டு மாண்ட முடியப்பர் திருநாள். 28-இல் ஏரோது கொல்வித்த பெத்லகேம் குழந்தைகளின் நினைவு. 2004-இல் அதே 26-ஆம் தேதிதான் வேளாங்கண்ணியில் பக்தர் பலரைச் சுனாமி வாரிக்கொண்டு போயிற்று.

அம்மா மறைந்தபின் எனக்கு இது முதற் பண்டிகை. அந்த மறைவுக்காக நான் நன்றி சொல்லமாட்டேன்; என் விசுவாசமும் அதைக் கேட்கவில்லை. லாசரின் கல்லறைக்குப் போகும் வழியில் ஆண்டவரே அழுதார். பிறகு, லாசர் எழுவதற்கு முன்பே, கல்லறை வாயிலில் நின்று பிதாவுக்கு நன்றி கூறினார். அழுகை அந்த நன்றிக்குத் தடையாகவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் எனக்கு அம்மா இருந்தார்களே, அதற்கு நானும் நன்றி கூறுவேன். விடுதி நண்பர்கள் கேக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன். பாட மட்டும் இவ்வாண்டு அழைக்க வேண்டாம்.