கிரீடமும் ஒரு சரிபார்ப்பு அறிக்கையும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, காரியவட்டத்தில் நாங்கள் சிலர் தங்கியிருக்கும் வாடகை வீட்டில், ‘கிரீடம்’ திரைப்படத்தைச் சேர்ந்து பார்த்தோம். சிபி மலயில் இயக்கி, லோகிததாஸ் எழுதிய 1989ஆம் ஆண்டு மலையாளப் படம். பார்த்தவர்களுள் பாதிப் பேர் குமரி மாவட்டத்திலிருந்து இங்கு வந்து படிக்கும் முதுகலை மாணவர்கள். அவர்களுக்குக் ‘கிரீடம்’ என்றால் 2007இல் ஏ.எல். விஜய் இயக்கத்தில் அஜித்குமாரும் ராஜ்கிரணும் நடித்த தமிழ்ப் படம்தான். மூலப்படத்தை முதன்முறையாகப் பார்த்தார்கள். படம் முடிந்த பின் தொடங்கிய விவாதம் நள்ளிரவைக் கடந்தது. அதில் நான் சொல்ல முயன்று சரியாகச் சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

படத்தை அறியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சுதன் நாயர் (திலகன்) நேர்மையான தலைமைக் காவலர். தம் மூத்த மகன் சேதுமாதவன் (மோகன்லால்) உதவி ஆய்வாளராக வேண்டும், அவனுக்குத் தாம் சல்யூட் அடிக்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் கனவு. அவர் இராமபுரம் என்னும் ஊருக்கு மாற்றப்படுகிறார். அங்குள்ள சந்தையைத் தன் பிடியில் வைத்திருப்பவன் கீரிக்காடன் ஜோஸ். ஒருநாள் சந்தையில் அவன் அச்சுதன் நாயரைத் தாக்க, தந்தையைக் காப்பாற்றப் பாயும் சேது அவனை அடித்து வீழ்த்துகிறான். அந்த ஒரு கணத்திற்குப் பின் ஊர் அவன் தலையில் ரவுடி என்ற கிரீடத்தைச் சூட்டுகிறது. நிச்சயிக்கப்பட்ட திருமணம் முறிகிறது. வீடு அவனை விலக்குகிறது. இறுதியில் அவன் கொலையாளியாகிறான்.

எங்கள் விவாதத்தில் மூன்று கருத்துகள் எழுந்தன. இப்படத்தைப் பற்றிப் பொதுவாக எழுதப்படுபவையும் பெரும்பாலும் இம்மூன்றுக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன். முதலாவது, இது விதியின் கதை. நல்லவன் ஒருவன் சூழ்நிலையால் அழிகிறான் என்பது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படத்தைக் கண்டு கலங்குவோரின் கருத்து அது. இரண்டாவது, மகன் தன் சினத்தை அடக்கியிருக்க வேண்டும் என்பது. மூன்றாவது, இன்றைய தலைமுறை அழுத்திச் சொல்வது: குற்றவாளி தந்தைதான். “அப்பாவோட ஆசைதாண்ணா அவனைக் கொன்னது. அவனுக்கு என்ன வேணும்னு யாராவது ஒருதடவை கேட்டாங்களா?” என்றார் ஒரு மாணவி.

அவருடைய கேள்வியை நான் மதிக்கிறேன். தந்தையரின் கனவைத் தம் தோளில் சுமந்து தேர்வுக் கூடங்களுக்கு நடக்கும் தலைமுறைக்கு அக்கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. ஆயினும் மூன்று கருத்துகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. தந்தை, மகன், விதி என்னும் மூவருக்குள் பழியைப் பங்கிட்டுவிட்டு வீட்டின் கதவைச் சாத்திக்கொள்கின்றன. கதையோ வீட்டில் தொடங்கவில்லை.

அச்சுதன் நாயர் இராமபுரத்துக்கு ஏன் வந்தார்? சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மகன்மீது நடவடிக்கை எடுத்ததற்குத் தண்டனையாக இடமாற்றம் செய்யப்பட்டு வந்தார். பார்வையாளர்கள் எளிதில் மறந்துவிடும் இச்செய்தியே படத்தின் அச்சாணி என்பது என் துணிபு. ஏனெனில் படத்தில் இரண்டு தந்தையர், இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். ஒரு மகன் தவறு செய்கிறான். அவன் தந்தையின் செல்வாக்கு காவலரையே ஊர் மாற்றுகிறது. இன்னொரு மகன் தந்தையைக் காக்கக் கையை ஓங்குகிறான். அவன் தந்தையின் நேர்மையால் அவனுக்கு ஒரு நாள் அமைதியைக்கூடப் பெற்றுத்தர முடியவில்லை. முதலாமவனின் குற்றம் ஏட்டில் ஏறாமற் போகிறது. இரண்டாமவனின் வாழ்வு முழுவதும் ஏடாகவே மாறிவிடுகிறது. இதை விதி என்று அழைத்தால் அந்தச் சட்டமன்ற உறுப்பினர் மகிழ்வார்.

தமிழ்ப் பார்வையாளர்களுக்கு ஓர் ஒப்பீடு உதவும். 1974இல் வெளிவந்த ‘தங்கப்பதக்கம்’ படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற எஸ்.பி. சௌத்ரி, கடமைக்காகத் தம் மகனையே சுட்டு வீழ்த்துகிறார். அங்கே தந்தைக்கு உயர்பதவி உண்டு, துப்பாக்கி உண்டு, தம் முடிவை நடத்திக்காட்டும் அதிகாரம் உண்டு. சட்டம் அவருடைய குரலில் பேசுகிறது, நாம் கைதட்டுகிறோம். அச்சுதன் நாயருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் சட்டத்தின் ஆளல்லர். அதன் கடைசிப் படிகளில் ஒன்றில் நிற்கும் ஊழியர். சந்தையில் அடிபடும்போது அவருக்குப் பின்னால் எந்த அரசும் நிற்கவில்லை. மகன் மட்டுமே நின்றான். எனவே இரு தந்தையரையும் கடமை தவறாத காவலர் என்னும் ஒரே சொல்லால் அளப்பது பிழை. கடமையின் விலை பதவிக்குப் பதவி வேறுபடுகிறது.

இப்போது இறுதிக் காட்சிக்கு வருகிறேன். சேதுவின் நியமனத்துக்கான காவல்துறைச் சரிபார்ப்பு வருகிறது. தம் மகன் குற்றவாளி, அப்பணிக்குத் தகுதியற்றவன் என்று மேலதிகாரியிடம் கூறி, அச்சுதன் நாயர் சல்யூட் அடிக்கிறார். மகனுக்கு அடிக்கக் காத்திருந்த சல்யூட் அது. திலகனின் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு நாம் எழுந்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தாளைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

அரசுப் பணிக்குத் தேர்வானவரின் நடத்தையும் முன்வரலாறும் அவருடைய பகுதிக் காவல் நிலையம் வழியாக விசாரிக்கப்படுவது இந்தியா முழுவதும் நடைமுறை. தேர்வில் பெற்ற மதிப்பெண் எவ்வளவாயினும், பெயரில் வழக்கு இருந்தால் நியமனம் அங்கே தடைப்படலாம். உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை ஆராய்ந்துள்ளது. தில்லிக் காவல்துறையில் தலைமைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்த சந்தீப் குமாரின் வழக்கில், 2011இல், இளமையில் செய்த சிறு பிழைகளை மன்னிக்கும் அணுகுமுறை வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், விக்டர் ஹியூகோவின் ழான் வால்ழானை நினைவூட்டியது. அவ்தார் சிங் வழக்கில், 2016இல், மூவர் அமர்வு விரிவான நெறிகளை வகுத்தது. இளவயதில் முழக்கம் எழுப்பியது போன்ற அற்ப வழக்குகளைப் பணியளிப்பவர் தம் விருப்புரிமையின்படி பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. அதே தீர்ப்பு, முடிந்துபோன வழக்கை ஒருவர் உண்மையாகத் தெரிவித்திருந்தாலும், அவரைப் பணியமர்த்துமாறு பணியளிப்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்கிறது. ஆக, மன்னிப்புக்கு வழி இருக்கிறது. அதன் திறவுகோல் அலுவலகத்தின் கையில் இருக்கிறது.

அன்றிரவு எங்களுடன் படம் பார்த்த நண்பர் ஒருவர் விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. இளங்கலைக் காலத்தில் ஒரு மறியலில் நின்றதற்காக அவர்மீது வழக்குப் பதிவானது. பின்னர் ஓர் அரசுப் பணிக்குத் தேர்வானபோது சரிபார்ப்பு பல மாதங்கள் நீண்டது. அவருடைய தந்தை வாரந்தோறும் காவல் நிலையத்துக்குச் சென்று, வாசலில் காத்திருந்து திரும்பினார். மகனிடம் ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லையாம். “அப்பா என்னைத் திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்” என்று மறுநாள் காலை தேநீர்க் கடையில் சொன்னார். பணி கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, அவருடைய வரிசையில் பலர் சேர்ந்து வெகுநாள் கழித்து. அந்தத் தந்தை எந்தக் கனவைத் திணித்தார்? அந்த மகன் எந்தச் சினத்தை அடக்கத் தவறினார்?

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தவிர்க்க விரும்பவில்லை. சேது கொலை செய்தவன். அவன் தகுதியற்றவன் என்ற அறிக்கை உண்மையே. அச்சுதன் நாயர் பொய் சொல்லவில்லை. மகனை வீட்டிலிருந்து விலக்கியதில் அவருக்குப் பழி இல்லை என்றும் நான் வாதிட மாட்டேன். மாணவியின் கேள்வி அந்த இடத்தில் செல்லுபடியாகும். என் வாதம் வேறு. அறிக்கை உண்மையாகும் நாள்வரை நடந்தவற்றுள் எதுவுமே அறிக்கையில் இல்லை. இடமாற்ற ஆணை இல்லை. சந்தையைப் பல ஆண்டுகள் ஜோஸிடம் விட்டுவைத்த காவல்துறையின் அச்சம் இல்லை. சேதுவை வீரன் என்று கூவிய கூட்டம் இல்லை. மகனின் பெயர் மட்டும் இருக்கிறது. விமர்சனமும் அதே அறிக்கையை எழுத வேண்டுமா?

ஊர் சூட்டும் பெயர் எவ்வளவு வலிது என்பதற்குப் படத்துக்கு வெளியிலும் சான்று உண்டு. கீரிக்காடன் ஜோஸாக நடித்த மோகன்ராஜ் மத்திய அரசு அதிகாரியாகப் பணியாற்றியவர். ஆனால் அவர் 2024 அக்டோபரில் மறைந்தபோதும் மக்கள் அவரைக் கீரிக்காடன் ஜோஸ் என்றே நினைவுகூர்ந்தனர். நடிகருக்கு அது புகழ். சேதுவைப் போன்றவர்களுக்கு அது தீர்ப்பு.

2025இல் வெளியான ‘அடலசன்ஸ்’ என்னும் பிரித்தானியத் தொடரில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுவனின் பெற்றோர், நாம் இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார்கள். அத்தொடர் அந்த வீட்டோடு நிற்கவில்லை. பள்ளிக்கும் கைப்பேசிக்கும் சமூக ஊடகத்துக்கும் கேள்வியைக் கொண்டு சென்றது. ‘கிரீடம்’ 1989லேயே கேள்வியை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டது. அதை மீண்டும் வீட்டுக்குள் இழுத்து வந்தவர்கள் பார்வையாளர்களாகிய நாம்.

வெள்ளாயணிப் பக்கம் புஞ்சக்கரியில், இப்படத்தில் இடம்பெற்ற சிறு பாலத்தை மக்கள் இன்றும் ‘கிரீடம் பாலம்’ என்று அழைக்கிறார்கள். படம் எடுத்துக்கொள்ளப் பலர் வருகிறார்கள், நானும் சென்றிருக்கிறேன். அடுத்த முறை இப்படத்தைப் பார்ப்பவர்களிடமும் வகுப்பறையில் கற்பிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இறுதிச் சல்யூட்டுக்காகக் கண்ணீரைச் சேமித்து வைப்பதற்கு முன், தொடக்கத்தில் வரும் இடமாற்றத்தைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அந்தச் சட்டமன்ற உறுப்பினரின் மகன் பின்னாளில் என்ன ஆனான் என்று மாணவர்களிடம் கேளுங்கள். படம் அதற்கு விடை சொல்லவில்லை. நம் மாணவர்கள் சொல்லிவிடுவார்கள்.