மதிப்பெண் சரிந்தால் யாருக்கு இரண்டாவது வாய்ப்பு?

பிளஸ் டூ முடிவு வந்ததும் ஊர்தோறும் கேட்கும் பேச்சு இது: "பத்தாவதுல நல்லா எடுத்த பிள்ளை, பன்னெண்டாவதுல சறுக்கிட்டானே." கவனம் சிதறிவிட்டது, செல்போன் கெடுத்துவிட்டது என்று காரணமும் உடனே சொல்லிவிடுவார்கள். மதிப்பெண் யாருக்கும் சரியலாம். சரிந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் சாதியும் வீட்டு வருமானமும் வேலை செய்கின்றன.

வசதியுள்ள வீட்டில் அது ஒரு திட்டமாகவே இருக்க முடியும். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியலில் குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும். அதற்கு மேல் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. எனவே பெயரை ஒரு பள்ளியில் பதிந்துவிட்டு கோச்சிங் சென்டரில் உட்கார 'டம்மி ஸ்கூல்' வந்தது. 2024 நவம்பரில் இப்படிப்பட்ட 21 பள்ளிகளின் இணைப்பை சிபிஎஸ்இ ரத்து செய்தது. பள்ளிக்கே வராத அந்த மாணவர்களை யாரும் 'தகுதியற்றவர்கள்' என்று சொல்லவில்லை.

முதல் முறை தவறினாலும் அவர்களுக்கு இன்னொரு வருடம் உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17இல் சுமார் 12 விழுக்காடு. 2020-21இல் சுமார் 71 விழுக்காடு என்கிறது நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கை. ஒரு வருடம் வருமானமில்லாமல் கட்டணம் கட்டிப் படிக்க எத்தனை சேரிக் குடும்பங்களால் முடியும்?

பொறியியல் கலந்தாய்வில் நிலைமை வேறு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என மொத்தம் 200க்குக் கட் ஆஃப். அரை மதிப்பெண் குறைந்தாலும் தரவரிசையில் பல இடங்கள் பின்னால் போக வேண்டும். அந்த ஒரு வருடத்தில் அப்பா படுத்துவிட்டாலோ, விடுதியில் படிக்கும் சூழல் இல்லாவிட்டாலோ கட் ஆஃப்புக்கு அது தெரியாது.

சாதி வெறியும் அதற்குத் தெரியாது. நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவர், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் துன்புறுத்தலால் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். 2023 ஆகஸ்டில் அவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதிலிருந்து மீண்டு தேர்வெழுதி 600க்கு 469 எடுத்தார். எல்லாரும் பாராட்டினோம். ஆனால் அப்படி ஒரு வருடத்தைக் கடந்து வந்ததைக் குறிப்பிட எந்தச் சேர்க்கைப் படிவத்தில் இடம் இருக்கிறது? அவரைப் போல மீள முடியாமல் 300க்குக் கீழே இறங்கிய பிள்ளைகளின் கதை செய்தியாகக்கூட வருவதில்லை.

சூழலைக் கணக்கில் எடுப்பது முடியாத காரியமல்ல. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் புள்ளி தரும் முறை ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. எங்கே படித்தாய் என்பதும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழை தலித் பிள்ளைகள் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழை மாணவர்களுக்கும் உள்ஒதுக்கீடு வேண்டும். சாதி வன்முறையால் படிப்பு தடைப்பட்டவர்களுக்குச் சேர்க்கையில் தனிச் சலுகை வேண்டும். மறுமுறை எழுத விரும்பும் ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்கள் அங்கேயே ஒரு வருடம் தங்கிப் படிக்க உணவும் பயிற்சியும் வேண்டும். பணமுள்ளவர்கள் விலைக்கு வாங்கும் அந்த இரண்டாவது வருடத்தைத்தான் நாம் உரிமையாகக் கேட்கிறோம்.