கோடையிலும் விதைப்போம்!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - தாவரவியல்)

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. வயலுக்கு அது பொருந்தும். ஆனால் ஆடியில் நடுவதற்குப் பூ நாற்று வேண்டுமென்றால், அதற்கு முன்பே யாரேனும் விதைத்திருக்க வேண்டுமல்லவா? அந்த விதைப்புக்குரிய காலம் கோடையே. அக்கோடையில்தான் நம் கல்லூரி பூட்டிக் கிடக்கிறது. தோட்டமும் காய்ந்து கிடக்கிறது. இந்நிலை மாற வேண்டும் என்பது என் கருத்து.

பல்லாண்டுச் செடியான கனகாம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். தாவரவியலார் அதனைக் கிராசாண்ட்ரா இன்ஃபண்டிபுலிபார்மிஸ் என்பர். அதன் முற்றிக் காய்ந்த காயில் நீர் பட்டால், ‘பட்’டென வெடித்து விதையைத் தூர எறியும். மழை வந்துவிட்டது என்று அறிந்த பின்பே விதை தாய்ச்செடியை விட்டுப் பிரிகிறது. இயற்கையின் ஏற்பாட்டை என்னென்பது! நாம் செய்ய வேண்டியதெல்லாம், காய் வெடிக்குமுன் விதையைச் சேகரித்துக்கொள்வதே. புது விதையே நன்கு முளைக்கும்.

சித்திரையில் பாத்தியைக் கொத்தி, நீர் பாய்ச்சி, நிறமற்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைக்க வேண்டும். நான்கைந்து வாரங்களில் உள்ளே ஏறும் வெப்பத்தால், கனகாம்பரத்தின் பெரும்பகையான வேர்முடிச்சு நூற்புழுக்கள் பெரிதும் குறையும். களை விதைகளும் பல மடியும். இஸ்ரேல் நாட்டு அறிஞர் கட்டானும் அவர் குழுவினரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வின் வழி பரவிய முறை இது. கத்திரி வெயில் நமக்குப் பகையன்று. கூலி கேளாத வேலையாள்!

வைகாசி நடுவில் விதைத்து, மெல்லிய மண் தூவி, தென்னங்கீற்றால் நிழல் அமைத்து, பூவாளியால் நீர் தெளித்து வரவேண்டும். 60 நாள் நாற்றை ஆடியில் நடலாம். நட்ட இரண்டு மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கும் செடி, ஆண்டுக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும்.

வெறும் அலங்காரத்திற்காக நான் இதனை எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் பதினைந்து சென்ட் கனகாம்பரத்திலிருந்து வருபவை. “படிக்கிற பிள்ளை மண்ணைத் தொடலாமா?” என்று ஊரில் கேட்கிறார்கள். படிப்பதனால்தான் தொட வேண்டும் என்பேன். விதைக்கும் பக்குவம் என் தாயார் அறிந்தது. நூற்புழுவின் வாழ்க்கைச் சுழற்சி நான் இங்கே கற்றது. இவ்விரண்டும் ஒரே பாத்தியில் கூடாவிட்டால், அவர்கள் என்னைப் படிக்க வைப்பதன் பயன்தான் என்ன?

“விடுமுறையில் யார் நீர் ஊற்றுவது?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாற்றங்காலுக்கு ஒரே ஒரு சிறு பாத்தி போதும். கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் பதினைந்து பேர் முறை வைத்துக்கொண்டால், ஒருவருக்கு மாதம் இரண்டு நாள் வரும். அதுவும் முடியாதா? விழா நாளில் தொட்டிச் செடிகளை வாடகைக்குக் கொண்டு வருகிறோம். மறுநாள் வண்டி வந்து எடுத்துச் செல்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியே விதைக்கும் கீற்றுக்கும் தாளுக்கும் போதுமே! பேராசிரியப் பெருமக்கள் இடமும் இசைவும் தந்தால் போதும்.

நண்பர்களே! வரும் கோடையில் விதைத்தால், என் வகுப்பினர் மூன்றாம் ஆண்டில் பூவைப் பார்ப்போம். இறுதியாண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் பார்க்க மாட்டார்கள். ஆயினும் அவர்களும் ஒரு பிடி விதை தூவிச் செல்லட்டும். நமக்குப் பின் வருவோர் பூப்பறிக்கட்டும்!