தள்ளிய கை

ஒரு நிறுவனத்தின் தலைவரை இயக்குநர் குழு இரவோடிரவாக நீக்கிவிட்டால், ஆங்கிலப் பத்திரிகைகள் சில சமயம் 'டிஃபெனஸ்ட்ரேட்' என்றொரு வினையைப் போடும். அகராதியைப் புரட்டினால் 'ஜன்னல் வழியாக வெளியே எறி' என்றிருக்கும். வேலை போனதற்கும் ஜன்னலுக்கும் என்ன உறவு?

லத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' என்றால் ஜன்னல். ஜெர்மானியரின் 'ஃபென்ஸ்டர்' அதிலிருந்து வந்ததுதான். நம் ஜன்னல் போர்த்துகீசியரின் 'ஜனேலா'. அதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் காலதர் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 'விண்டோ'வும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' தான்.

சொல் பிறந்தது பிராக் நகரத்தால். 1419-இல் ஹுஸ் மதப்பிரிவினர் அங்கே நகரமன்ற உறுப்பினர்களை ஜன்னல் வழியே வீசிக் கொன்றார்கள். பேர் வாங்கித் தந்தது இரண்டாவது சம்பவம். 1618 மே 23 அன்று, கோபம் தலைக்கேறிய புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பிராக் கோட்டைக்குள் நுழைந்து, அரசரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களின் செயலரையும் ஜன்னல் வழியே தூக்கிப்போட்டார்கள். உயரம் ஏறக்குறைய 21 மீட்டர். மூவரும் பிழைத்தார்கள்! மாதா காப்பாற்றினாள் என்றது ஒரு தரப்பு. குப்பைமேடு காப்பாற்றியது என்றது மறு தரப்பு. செயலர் ஃபப்ரிசியஸுக்குப் பின்னாளில் பிரபுப் பட்டம் கிடைத்தது. பட்டப்பெயர் 'ஹோஹென்ஃபால்', அதாவது 'உயர்வீழ்ச்சி'. யாருக்கோ நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. பிரபுக்கள் மூட்டிய அந்தக் கலகமோ முப்பதாண்டுப் போராக வளர்ந்து 1648-இல்தான் அடங்கியது.

முதலில் வந்தது பெயர்ச்சொல். வினை வெகுகாலம் கழித்து அதிலிருந்து உருவானது. பதவியைப் பறிப்பது என்ற பொருள் அதற்கும் பிந்தையது. எந்தப் பொருளில் வந்தாலும் இந்த வினைக்குத் தள்ளிய கை ஒன்று வேண்டும். தானாக விழுந்தவருக்கும் குதித்தவருக்கும் இது பொருந்தாது. ஆகவே, தாமே ராஜினாமா செய்தவருக்கு இதைப் போடுவது பிழை.

இந்த வேறுபாடு சொல் விளையாட்டு அல்ல. 1948 மார்ச் 10 காலை, செக்கோஸ்லோவாகிய வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக், பிராக் நகரிலேயே, தம் அமைச்சகத்தின் குளியலறை ஜன்னலுக்குக் கீழே பிணமாகக் கிடந்தார். கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்துச் சில வாரங்கள்கூட ஆகவில்லை. தற்கொலை என்றது அரசு, பலர் நம்பவில்லை. அவர் விஷயத்தில் இந்த வினையைப் போடலாமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.