ஸ்பானிஷுக்குத் தமிழ் வழி

ஸ்பானிஷ் படிக்க உட்காரும் இந்தியருக்கு வழிகாட்டி பெரும்பாலும் ஆங்கிலம்தான். புத்தகமும் ஆங்கிலம், விளக்கமும் ஆங்கிலம். தமிழருக்கு இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

'ஆப்லார்' என்றால் பேசுதல். 'ஆர்' என்ற வாலை நறுக்கிவிட்டு விகுதியைச் சேர்த்தால் போதும்: ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்), ஆப்லாமோஸ் (பேசுகிறோம்), ஆப்லான் (பேசுகிறார்கள்). ஆள் யார் என்பதை வினையே சொல்லிவிடுகிறது, தமிழில் போலவே. ஆங்கிலத்தில் யோசிப்பவரோ ஒவ்வொரு வாக்கியத்தையும் 'யோ' (நான்) என்று தொடங்கி, தற்பெருமைக்காரர் போல ஒலிக்கிறார். ஆர், ஏர், ஈர் என்று முடியும் மூன்று குடும்பங்களில் எல்லா வினைகளும் அடக்கம். முரண்டு பிடிப்பவை சில உண்டு. அன்றாடம் அதிகம் தேவைப்படுபவையும் அவைதான்.

மரியாதையிலும் ஒற்றுமை இருக்கிறது. நண்பனுக்கு 'தூ', பெரியவருக்கு 'ஊஸ்தேத்': நம் நீ, நீங்கள். 'மெ குஸ்தா எல் கஃபே' என்பது அச்சு அசலாக 'எனக்குக் காபி பிடிக்கும்'. ஆங்கிலத்தில் காபியை விரும்புவது 'நான்'. இங்கே எழுவாய் காபி. வீட்டுச் சொற்களும் அந்நியமல்ல. போர்ச்சுகீசியர் தந்த நம் மேசைக்கும் அலமாரிக்கும் ஸ்பானிஷ் உறவினர்கள் 'மேசா', 'அர்மாரியோ'.

தமிழர் சறுக்கும் இடமும் ஒன்று உண்டு. 'அவர் டாக்டர்' என்று நாம் வினையே இல்லாமல் முடித்துவிடுவோம். ஸ்பானிஷில் 'எஸ்' என்ற வினை இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது. அதன் மூலவினை 'சேர்'. ஒருவர் யார், எப்படிப்பட்டவர் என்பதற்கு உரியது. எங்கே இருக்கிறார், இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதற்கு 'எஸ்தார்'. நிலையானதற்குச் 'சேர்', தற்காலிகத்துக்கு 'எஸ்தார்' என்று மனப்பாடம் செய்தவரை மாட்ரிட் நகரமே கவிழ்த்துவிடும்: அது எங்கும் நகரப் போவதில்லை, ஆனாலும் ஸ்பெயினில் இருப்பதைச் சொல்ல 'எஸ்தார்'தான் வேண்டும். நம் 'இருக்கிறது' பெரும்பாலும் அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் 'உயரமாக இருக்கிறார்' என்பதற்குச் 'சேர்'.

மாற்றிச் சொன்னால் என்ன ஆகிவிடும்? 'எஸ்தா அபுர்ரிதோ' என்றால் நண்பனுக்குச் சலிப்பாக இருக்கிறது. 'எஸ் அபுர்ரிதோ' என்றால் நண்பனே ஓர் அறுவை.

ஆகவே 100 பெயர்ச்சொற்களை உருப்போடுவதற்கு முன் இந்த இரண்டு வினைகளையும் வசப்படுத்திக்கொள்வது நல்லது. மேசைக்கு வார்த்தை தெரியாவிட்டால் விரலை நீட்டிக் காட்டலாம். 'இருக்கிறேன்' என்பதை எந்த விரலால் காட்டுவது?